வலைக்கு ஆள் போதவில்லை

போன சனிக்கிழமை இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு லெக்சர் அடிக்கப் போனேன். வகுப்பில் அடிப்பது போதாதா என்கிறீர்களா? இங்கிலீஷ் பேப்பரில் ஒரு கட்டுரை படித்துவிட்டேன். ஜனங்கள் பெருகினால் தேசம் ஏழையாகுமாம். பணக்கார தேசங்களில் தொட்டில்கள் குறைவாம்... படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழக்கமான வலைக்காரர் மிக்கேலுக்கு எட்டுப் பிள்ளைகள். அவரைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா?

நான் போனபோது மிக்கேல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக மீனே இல்லாத கரை. அன்றைக்குத்தான் கரைமடி வலையில் சாளை கூட்டமாக விழுந்திருக்கிறது. வலையின் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் அத்தனையும் கடலுக்கே திரும்பிவிடும்.

"ஆளு காணாது சாரே! ஓடி வந்து பிடியும்!"

ஜனப்பெருக்கத்தைக் கண்டிக்க வந்தவன் காதில் விழுகிற பேச்சா இது!

கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "இங்கே இருந்த ஆளெல்லாம் எங்கே ஓய்?"

"பாதிப்பேரு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போயாச்சு. அங்க துரைமாருக்கு எத்தன ஆளு போனாலும் காணாதாம்லா!"

இங்கே அதிகப்படியான மனிதன், துரை தோட்டத்தில் மட்டும் எப்படி அவசியமாகிவிடுகிறான்? கட்டுரையில் அது இல்லை. யோசிக்கவும் நேரமில்லை. எனக்கு முன்னால் மிக்கேலின் பிள்ளைகள் ஆறு பேர் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலை கரையேறியதும் நானும் அவர்களோடு சேர்ந்து கூச்சல் போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்!

கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு உண்டு – அந்தக் கரையின் வழக்கம் அது. கடைசி நேரத்தில் ஓடிவந்து தொட்டவர்களும் வரிசையில் நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இழுக்கும்போது 'இன்னும் நாலு பேர் வரக்கூடாதா' என்று ஏங்கியவன், பங்கு வைக்கும்போது 'இத்தனை பேரா' என்று முகம் சுளித்தேன். பெரிய தேசங்களின் பொருளாதாரமும் இவ்வளவுதானோ என்னவோ!

பங்கு வைத்தவள் மிக்கேலின் மனைவி ரோசம்மாள். இடுப்பில் எட்டாவது பிள்ளை.

"சாருக்கு எத்தன பிள்ளைய?"

"ரெண்டு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ரெண்டே ரெண்டா? என் மாதாவே!"

அவள் முகம் வாடிவிட்டது. என் பங்கில் இன்னும் இரண்டு கை மீனை அள்ளிப் போட்டாள்.

ஏழைக்கு இரங்கிக் கொடுப்பதை மறுக்கலாமா? கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.