பூட்டிய கதவும் நீர் மாத்திரையும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது வேண்டும் என்று அப்போது நம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் எனக்கென்று ஒரு கூடம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலையில் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லோருக்கும் பம்ப் பலவீனம். இதயம் சரியாக இறைக்காவிட்டால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்கும். அது சிறுநீராக வெளியேற தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை. உப்பு கூடினால் நீர் தேங்கி எடை ஏறும்; அதனால் வந்ததும் எடை பார்ப்பேன், பிறகு நடக்கவைப்பேன்.

அவர்களில் தி. நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் சேலை விற்றவர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். வீடு மேற்கு மாம்பலம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு நாள் தவறியதில்லை, ஒரு நிமிஷம் தாமதமில்லை. "அண்ணாச்சியப் பாத்துக் கத்துக்கோங்க" என்று மற்றவர்களை இடித்துக்காட்டுவேன்.

அப்படிப்பட்டவருக்கு எடை ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு கிலோ, அடுத்த வாரம் இன்னும் ஒன்று. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்:

"ஊறுகாயா, அப்பளமா? எதத் திருடித் தின்றீங்க?"

துணைக்கு வந்திருந்த அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "உப்பில்லாமத்தான் பொங்கிப் போடுதேன். ஊறுகாய அவுக கண்ணுல காட்டுததே இல்லம்மா."

நான் நம்பவில்லை. இந்த மாதிரி சத்தியத்தையெல்லாம் தினமும் கேட்கிறவள் நான்.

அடுத்த புதன்கிழமை, கூடத்தில் இரண்டாவது சுற்று நடக்கும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. படுக்கவைத்தால் திணறினார். உட்காரவைத்து, சக்கர நாற்காலியில் வார்டுக்கு ஓடினோம். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் பேச முடிந்தது.

அதற்குள் மனைவி வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். தீர்ந்திருக்க வேண்டிய நீர் மாத்திரையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. அவளே அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி போடல?" என்றேன்.

"வகுப்பு நாள்ல மட்டும் போட மாட்டேம்மா. காலையில விட்டா பொறவு போடக் கூடாதுல்லா. போட்டா அடக்க முடியாது. பஸ்ஸுல எங்க எறங்குவேன்?"

"காலம்பறவே போட்டுட்டு, இங்க வந்ததும் போலாமே. கூடத்துக்குப் பக்கத்துலயே கக்கூஸ் இருக்கே."

மூச்சை இழுத்துக்கொண்டு, சண்டை போடும் எண்ணமே இல்லாமல் சொன்னார். "அது பூட்டிக் கெடக்கே. சாவி ஒங்ககிட்டல்லா இருக்கு. ஒங்ககிட்டப் போயி எப்பிடிக் கேக்க?"

அந்தப் பூட்டை மயிலாப்பூரில் நானே வாங்கி வந்து மாட்டியிருந்தேன். ஒரு மாசத்துக்கு முன்னால், வெளியாள் யாரோ அசிங்கம் பண்ணிவிட்டான் என்று பெருக்குகிற அம்மாவோடு ஒரு சண்டை போட்டு, அன்றைக்கே பூட்டிவிட்டேன். கேட்டால் கொடுக்கப்போகிறேன், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். சாவி என் வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்தது, அப்போதும். நாள் முழுக்கப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டி, கூச்சமில்லாமல் சிரித்துப் பேசியவருக்கு, ஒரு பெண்ணிடம் இந்தச் சாவியைக் கேட்க வாய் வரவில்லை. ஒரு வகுப்பும் தவறாமல் வந்ததற்காக நான் மெச்சிய மனிதர், பூட்டிய பிறகு வந்த ஒவ்வொரு நாளும் மாத்திரையை விட்டிருக்கிறார். நான் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் நேரத்தில், அவர் வார்டில் இறந்துபோனார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வகுப்புன்னா அவுகளுக்கு உசிரும்மா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பூட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். மீதிப் பதினொரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு என்ன ஆனது, ஏன் ஆனது என்று மறைக்காமல் சொன்னேன். பிறகு, கேட்க வேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டேன்.

"இன்னிக்கி நீர் மாத்திரை போடாம வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

கடைசி பெஞ்சில், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் பக்கத்தில் இன்னொரு கை. அப்புறம் முன் பெஞ்சில் ஒன்று. எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு கைகள்.