பாதி ஷட்டர் மீட்டிங்

சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த இரும்புச் சாமான் கடையில், திங்கட்கிழமை காலை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு மீட்டிங் நடக்கும். வராதவருக்கு அரைநாள் லீவு விழும். ஆணி விற்கிற கடைக்கு மீட்டிங் எதற்கு என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

நடத்துபவர் மேனேஜர். நாகர்கோவில்காரர்; எல்லோருக்கும் அண்ணாச்சி. மலையாளியான முதலாளி எழுதி அனுப்பிய தாளை அப்படியே மலையாளத்தில் வாசிப்பார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் தமிழ் வரும். பல வாரம் கவனித்து ஒன்று கண்டுபிடித்தேன். தாளில் உடனே வரும் என்றிருந்த மின்விசிறி வரவே இல்லை. தமிழில், "ஓணத்துக்கு முந்தின நாளு லீவு கெடைக்காது, இப்பவே வீட்டுல சொல்லிருங்க" என்றார். கிடைக்கவில்லை. அண்ணாச்சியின் தமிழ் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

ஒருமுறை குடோனை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நெருப்பில்லாமல் புகையுமா? குடோனில் சரக்கு கட்டும் அக்காவுக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் நின்ற இடத்தை விட அவருக்கு மனமில்லை.

"மீட்டிங்ல நீயே கேளு. நான் கேட்டா அழுதுருவேன்" என்றார் என்னிடம். தாளையும் தமிழையும் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

அண்ணாச்சி தாளை வாசித்து மடித்து வைத்ததும் கேட்டேன். "அண்ணாச்சி, குடோனை மூடப்போறாங்களா?"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. தாளை மறுபடி விரித்தார். "ஆரும் பேடிக்கண்ட" என்று வாசித்தார். யாரும் பயப்பட வேண்டாமாம். தமிழுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானம் அக்கா ஜவுளிக்கடைக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷி, நேராக அண்ணாச்சியிடமே சொன்னார். திட்டு விழுமோ என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் தமிழில் சொன்னார்.

"நல்லதாப் போச்சு பிள்ளே. அங்க எனக்கும் ஒரு எடம் இருக்குமாண்ணு கேட்டுப் பாரு."