கமலி எப்போது மறுபடி ஓடுவாள்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சேணத்தைத் துடைத்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பரவைக்குப் போனேன். சவாரிக்கு இல்லை. அதைக் கொடுத்துவிட்டு வருவதற்கு.

நான்கு மாதமாக உங்களில் பலர் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ‘சார், குட்டி எப்படி இருக்கு? கமலி மேல மறுபடி எப்ப ஏறப் போறீங்க?’ நானும் கொசு பேட், கல்யாணப் பந்தி, கரண்ட் கட் என்று இந்தப் பத்தியில் வாராவாரம் எதையெதையோ எழுதி நழுவிக்கொண்டிருந்தேன். இனி நழுவ முடியாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சுருக்கம். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். எனக்கும் நடைக்கும் ஆகாது. அதனால் ஞாயிறுதோறும் பரவையில் சோலை என்பவரின் தோட்டத்துக்குப் போய்க் குதிரை ஏறக் கற்றுக்கொண்டேன் — நான் நடப்பதற்குப் பதிலாகக் கமலி நடந்தாள். பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஐம்பத்து நான்கு வயதில், தொப்பையோடு, வேட்டியைத் தவிர வேறெதையும் சரியாகக் கட்டத் தெரியாத ஓர் ஆளை ஒருமுறைகூடக் கீழே தள்ளாதவள். நான் ஏறுவதற்கு வசதியாக ஒரு பாறாங்கல்லைப் போட்டிருந்தார் சோலை. அதன் பக்கத்தில் வந்து அசையாமல் நிற்பாள்.

அவள் சினையானதும் சவாரியை நிறுத்தினோம். குதிரைக்குப் பதினோரு மாதம். குட்டி போட்ட பிறகும் அவசரப்படக் கூடாது. உடம்பு தேறி, மெதுவாக நடத்திப் பழக்கி, அப்புறம்தான் ஆளை ஏற்ற வேண்டும் என்று படித்து வைத்திருந்தேன். வீட்டில் சும்மா கிடந்த சேணத்துக்கு மாதாமாதம் எண்ணெய் போட்டேன். அதில் காட்டிய அக்கறையைத் தன்னிடம் காட்டியதில்லை என்று என் மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரைக்கு சோலை ஃபோன் செய்தார். “அண்ணே, கமலி குட்டி போட்ருச்சு. பொட்டக்குட்டி. வாரீகளா?”

பல்கூட விளக்காமல் ஓடினேன். குட்டி நீளக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆடிக்கொண்டே பால் குடித்தது. கமலி அதை நக்கிக்கொண்டிருந்தாள். ஃபோட்டோ எடுத்தேன். எல்லாம் நன்றாக இருந்தது… ஒன்றைத் தவிர. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

சோலை வீட்டில் மூன்று தலைமுறையாக மாடு. பசுவுக்குப் பிரசவம் பார்க்க அக்கம்பக்கத்து ஆட்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குதிரை வளர்ப்பு பிற்பாடு வந்தது; குட்டி போட்டது இதுவே முதல் தடவை. அவர் பசுவுக்குச் செய்வதையே செய்தார். தொங்கிய கொடியில் ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டார். கனத்துக்குத் தானாக இறங்குமாம். அவர் மனைவி பஞ்சவர்ணம் மூங்கில் இலையை ஒடித்து வந்து ஊட்டினார். விழுந்ததும் கட்டித் தொங்கவிட வைக்கோல் பொதிகூடத் தயாராக இருந்தது. வாய்க்கால் கரை ஆலமரத்தில் கட்டினால் பால் நிறையச் சுரக்கும் என்பது அவர்கள் வழக்கம்.

மணி ஒன்பதரை. நான் செல்ஃபோனில் தேடினேன். குதிரைக்கு மூன்று மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று போட்டிருந்தது. இழுக்காதீர்கள், கனம் கட்டாதீர்கள் என்றும் இருந்தது. சோலையிடம் காட்டினேன்.

அவர் சிரித்தார். “அண்ணே, எங்க தொழுவத்துல எம்புட்டுக் கன்னு எறங்கிருக்கு. ஒரு பொழுது வரைக்கும் தாங்கும். நெட்டு வந்தா பிரசவம் பாத்துச்சு?”

பஞ்சவர்ணமும் சேர்ந்துகொண்டார். “அண்ணன் போன வருசமும் இப்பிடித்தான் டாக்டரக் கூப்புட்டாக.”

அது உண்மை. கமலி நின்றபடியே தூங்குவதைப் பார்த்து, மயக்கம் என்று நினைத்து, காளவாசலில் இருந்து டாக்டரை வரவழைத்தவன் நான். அவர் வந்து அவளை ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருந்தது. டாக்டரின் நம்பர் என் ஃபோனில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அவரிடம் இன்னொரு முறை அசடு வழிய எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடி விழுந்தது. “பாத்தீகளாண்ணே?” என்றார் சோலை. வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டினோம். செருப்பின் கனத்தில் அது பாதியில் கிழிந்து, ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது எங்கள் இருவருக்குமே தெரியாது. விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உடனே பத்தி எழுதினேன். ‘செல்ஃபோன் வைத்தியன்’ — நினைவிருக்கிறதா? அனுபவசாலி சோலை, கையில் ஃபோனோடு பதறும் நகரத்து மனிதன், மூன்று மணி நேரக் கணக்கு… என்னைப் போல எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னையே கேலி செய்துகொண்டால் வாசகர்கள் கைதட்டுவார்கள் என்று தெரியும். அதனால் நாம் சொன்னது சரியாக இருந்த இடத்திலும் அசடாகவே வேஷம் கட்டுவோம். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று நிறையப் பேர் சொன்னீர்கள். அந்தப் பாராட்டெல்லாம் வந்துகொண்டிருந்தபோது கமலி எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடந்தாள்.

நடந்தது இதுதான். மூன்றாம் நாள் முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். லாடம் உறுத்துகிறது போல என்று சோலை கோரிப்பாளையத்திலிருந்து லாடக்கார பாயை வரவழைத்தார். நானும் போயிருந்தேன். பாய் லாடத்தைக் கழற்றவே இல்லை. குளம்பில் கையை வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“காலு அடுப்பாட்டம் கொதிக்குது. நஞ்சு எப்ப விழுந்துச்சு சோலை?”

“அன்னைக்குச் சாயந்தரமே விழுந்துருச்சே பாய்.”

“குட்டி வெடியக்காலைல போட்டுச்சுன்னு சொன்ன?” பாய் தலையைக் குனிந்துகொண்டார். “மாடு பொறுக்கும்ப்பா. குதிரை பொறுக்காது. உள்ள சீழ் வச்சா நேரா குளம்புக்குத்தான் எறங்கும். யா அல்லா… ஒரு போன் போட்ருக்கக் கூடாதா?”

அந்தக் கேள்வியை அவர் சோலையைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் ஃபோனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன்.

அப்புறம் டாக்டர் வந்தார். உள்ளே இருந்ததைக் கழுவி எடுத்தார். ஊசி, மருந்து, குளம்புக்கு ஐஸ் கட்டி என்று பல நாள் போராட்டம். பஞ்சவர்ணம் தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். கமலி பிழைத்தாள். குட்டிக்குப் பாலும் கொடுத்தாள். தேறிவிடுவாள், ஆடியில் நடத்திப் பழக்கலாம், ஆவணியில் ஏறலாம் என்று நான் மனதுக்குள் காலண்டர் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் கடைசியாக எக்ஸ்ரே எடுத்தார்கள். குளம்புக்குள் எலும்பு கீழே இறங்கிவிட்டதாம். மெத்தென்ற மண்ணில் மெதுவாக நடமாடலாம். ஆனால் முதுகில் ஆளை ஏற்ற முடியாது. எப்போதும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சேணத்தை இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சோலையிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். ஸ்கூட்டரிலிருந்து இறக்கும்போது அதன் வளையங்கள் கலகலத்தன.

வேப்ப மரத்தடியில் படுத்திருந்த கமலி காதை நிமிர்த்தினாள். எழுந்தாள். முன்னங்கால்களை ஊன்ற முடியாமல், உடம்பைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு அடியாக வந்தாள். என்னிடம் வரவில்லை. அந்தப் பாறாங்கல்லுக்குப் போனாள். அதன் பக்கத்தில் வழக்கம்போல உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு, நான் ஏறுவதற்காக நின்றாள். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தாயைச் சுற்றிக் குட்டி துள்ளிக் குதித்தது.

நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சோலை ஓடிவந்து அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். “போதும் தாயி, வா, வந்து படு.” பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அண்ணே, அத வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இங்க இருந்தா வந்து வந்து நிக்கும்.”

சேணத்தை மறுபடி ஸ்கூட்டரில் கட்டும்போதுதான் கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். என் பத்தியை அளவாக வெட்டி, லேமினேட் செய்து, ஆணியடித்து மாட்டியிருந்தார் சோலை. ‘செல்ஃபோன் வைத்தியன்.’ அதில் நான் எடுத்த ஃபோட்டோ — நின்றபடி குட்டியை நக்கும் கமலி.

“சோலை, அதைக் கழட்டிருங்க,” என்றேன். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் படத்தின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

“இருக்கட்டும்ண்ணே. அதுலதான் நாலு காலையும் ஊண்டி நிக்கிது.”

அந்தப் பத்தியை உங்களில் யாராவது வெட்டி எடுத்து வைத்திருந்தால், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தைக் கிழித்துப்போட்டுவிடுங்கள்.