கிரேன் ஓட்டிய தாய்மாமன்

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்டப வாசலில் ஒரு மஞ்சள் கிரேன். அதன் கொக்கியில் லாரி நீளத்துக்கு ஒரு ரோஜா மாலை தொங்குகிறது. கேபின் ஜன்னல் வழியே ஒருவர் பாதி உடம்பை வெளியே விட்டு, கழுத்தை நீட்டி மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். அவர் என் தாய்மாமன்.

குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் ‘கிரேன்’ என்ற சொல் பாடத்தில் வந்து நிற்கும். ஏரியில் மீன் பிடிக்கும் கொக்கு என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பாரம் தூக்கும் இயந்திரம், அவ்வளவுதான். நீண்ட கழுத்தைப் பார்த்துத்தான் இயந்திரத்துக்கும் பறவையின் பெயரை வைத்தார்கள் என்பேன். எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுவதற்கும் அதே சொல்தான் என்று சொல்ல வரும்போது மாமா வந்து குறுக்கே நிற்பார். பாடத்தை எங்கே விட்டேன் என்பதே மறந்துபோகும்.

மாமா ஆலத்தியூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கிரேன் ஓட்டினார். கட்சித் தலைவர்களுக்குக் கிரேனில் மாலை போடுவதைப் பார்த்துவிட்டு, அக்கா மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போக வேண்டியவர் அவர். அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி.

“மாலையெல்லாம் வேணாம் மாமா, நீங்க மேடையில இருந்தா போதும்” என்று கெஞ்சினேன்.

“போட்டுட்டு ஓடி வந்துருவேம்மா” என்றார்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் மாலையை இறக்குவதாக ஏற்பாடு. அதற்குள் எவனோ ஒரு டிரைவர் மாலைக்கு நேர் கீழே காரை நிறுத்திவிட்டு, சாவியோடு டிபன் சாப்பிடப் போய்விட்டான். பக்கவாட்டில் திருப்பலாம் என்றால் இரு புறமும் மின்கம்பி. காத்திருந்து பார்த்த மாப்பிள்ளை மாலை இல்லாமலே உள்ளே வந்துவிட்டார். முகூர்த்தம் நெருங்க, அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“தம்பி, எறங்கி வாடா! பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு!”

“லோடு தொங்குதுக்கா. சீட்டை வுட்டு எறங்கக் கூடாது.”

“பூதானேடா அது!”

“பூவா இருந்தாலும் லோடு லோடுதாங்க்கா.”

அவர் தொழிலில் அது மீறக்கூடாத விதி, ஒப்புக்கொள்கிறேன். மாலையைக் கட்டியிருந்த இரும்புச் சட்டம் காற்றில் ஆடியது. கீழே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மாலையை யார் கேட்டது? கடைசியில் தூரத்து உறவில் ஒரு மாமா வந்து பட்டம் கட்டினார். அது கோணலாக நின்றது. தாலி ஏறும் நேரத்தில் நான் வாசலைத்தான் பார்த்தேன். அந்தத் தலை கேபினுக்கு வெளியே நீண்டிருந்தது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கெட்டிமேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

போன வாரம் மாமா வந்திருந்தார், கழுத்தில் பட்டையோடு. அண்ணாந்து பார்த்தே ஓட்டியதில் எலும்பு தேய்ந்துவிட்டதாம், கழுத்தை அசைக்கவே கூடாதாம். என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாள் குறித்திருக்கிறோம். ஆல்பத்தைப் புரட்டிய மாமா அந்தப் படம் வந்ததும் கையை நிறுத்தினார்.

“சடங்குக்கும் கிரேன் சொல்லிட்டேன்” என்றார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

“இந்தத் தடவை வேற ஆள் ஓட்டுறாம்மா. நான் மேடையிலதான் இருப்பேன்.”