பினாங்குக்குப் போன நார்த்தங்காய்

ஊறுகாய்த் தொழிலில் சரக்குப் போடுகிறவரைவிட அதற்கு மூடி போடுகிறவருக்குத்தான் கவலை அதிகம். மூடி போட்டதைக் கப்பலேற்றுகிறவர் படும் பாட்டை, கடல் தாண்டி வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளில் பாலக்கரையில் எனக்கு ஒரு சின்ன ஊறுகாய்க் கடை இருந்தது. காட்டூர் தாயம்மா பக்குவம் பார்ப்பார், நான் விற்பேன். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய் ஊருக்கு வந்தபோது எங்கள் நார்த்தங்காயை ருசி பார்த்துவிட்டு, “அங்கே அனுப்புங்க, நான் வித்துத் தரேன்” என்றார். அன்றைக்குப் பிடித்தது ஆசை.

பொங்கிய ஜாடிகள்

முதல் தடவை பன்னிரண்டு ஜாடி. “இன்னும் இருபது நாள் ஊறணுங்க. இப்ப மூடினா பொங்கிடும்” என்றார் தாயம்மா. நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பல் நார்த்தங்காய்க்காகக் காத்திருக்குமா? துணி கட்டி, மெழுகு வைத்து அடைத்து ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் காதர் பாயின் கடிதம் வந்தது. “நாலு ஜாடி முழுசாக வந்தது. மீதி எட்டும் பக்கத்து மூட்டையில் இருந்த கல்யாணப் புடவைகளில் இருக்கிறது. பெண் வீட்டார் இப்போது என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.”

நான்கு பக்கப் பதில்

அந்த நாலு ஜாடியும் இரண்டே நாளில் தீர்ந்துபோனதாம். பேச்சு பரவி, சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கடைக்காரர் இங்கிலீஷில் எழுதிக் கேட்டார். என் இங்கிலீஷ் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வரதாச்சாரியிடம் ஓடினேன். மூன்று தடவை பஸ் ஏறிப் போயும் பதில் முடியவில்லை. “அவசரப்படாதேயும். வெளிதேசத்துக்குப் போற லிகிதம், பிழை இருந்தா நம்மூர் மானம்னா போகும்!” என்றார். நான்கு பக்கம் எழுதினார். காவேரித் தீர்த்தத்தின் மகிமையே ஒரு பக்கம்.

வந்த பதிலை அவரே வாசித்து அர்த்தம் சொன்னார். “உங்கள் கடிதத்தை எங்கள் ஆபீஸில் எல்லோரும் ரசித்துப் படித்தோம். ஆனால் சரக்கு எப்போது வரும் என்று அதில் எங்குமே இல்லாததால் வேறிடத்தில் வாங்கிவிட்டோம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பூரித்துப் போய்ச் சொன்னார்: “பாத்தீரா ஓய், ரசிச்சுப் படிச்சாளாம்!”

அசல் எது?

பிறகு கண்ணாடி பாட்டிலுக்கு மாறினோம். ஓடம் படம் போட்ட மஞ்சள் லேபிள். இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. “லேபிளை இங்கேயும் ரிஜிஸ்தர் பண்ணிடுங்க” என்று காதர் பாய் எழுதிக்கொண்டே இருந்தார். ஊறுகாய் லேபிளை எவன் திருடப்போகிறான் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே ஒருவன் அதே ஓடத்தைத் தன் பேரில் பதிந்துகொண்டான். என் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே நானே போய் இறங்கினேன். வக்கீல், “முதலில் பதிந்தவன்தான் சொந்தக்காரன்” என்று கைவிரித்துவிட்டார். மனசு கேட்காமல், காதர் பாய் கடைக்கு வந்த ஒரு தமிழ் அம்மாளிடம் என் பாட்டிலையும் அந்த ஆளின் பாட்டிலையும் நீட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார். “இதுல எழுத்து கோணலா இருக்குங்க. ஏமாந்துடாதீங்க, இதுதான் போலி.”

பதினைந்து நாள் பக்குவம்

லேபிளை மாற்றினோம். அந்தத் தீபாவளிக்கு ஐந்நூறு பாட்டில் வேண்டும் என்று காதர் பாய் கேட்டார். ஊறுவதற்கு நாற்பது நாள் வேண்டும். கப்பலுக்கு இருந்ததோ பதினைந்து நாள். காயை வேகவைத்து மிளகாய்ப் பொடி கலந்துவிடலாம் என்றேன். பத்து வருஷமாக என்னை எதிர்த்துப் பேசாத தாயம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். “அது ஊறுகாய் இல்லீங்க. நான் அதைத் தொடமாட்டேன்.” “அப்ப தொடுற ஆளைப் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை இன்றைக்கும் கடிந்துகொள்கிறேன்.

புது ஆட்கள் வேகவைத்த ஐந்நூறு பாட்டிலும் பினாங்கில் பூசணம் பூத்து இறங்கியது. காதர் பாய் அதன்பின் கடிதமே போடவில்லை. பாலக்கரை வாடிக்கைக்காரர்களும், ருசி மாறிவிட்டதென்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு, நாலு மைலில் இருக்கும் காட்டூருக்குப் போய் தாயம்மா வீட்டு வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததென்னவோ “நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க” என்பதுதான். அவர் முகத்தில் கோபமே இல்லை. இலை போட்டு, தயிர்சாதம் வைத்து, ஓரத்தில் இரண்டு துண்டு நார்த்தங்காயும் வைத்தார். “நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. வேலைக்கு மட்டும் கூப்பிடாதீங்க.”

பினாங்கு ரொம்ப தூரமா என்று இப்போதும் யாராவது கேட்டால், பாலக்கரையிலிருந்து காட்டூரைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.