கேன் தண்ணீருக்குக் கிடைத்த நற்சான்று

குடிநீர்த் திட்டத்தில் வேலை என்றால் தண்ணீரோடு பழகும் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இது படிவத்தோடு பழகும் வேலை. தோளில் பையும் கையில் அட்டையும் பேனாவுமாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. அம்பத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் நான். ஆவடிக்கு மேற்கே, ஒரு நாளைக்கு மூன்றே முறை பஸ் போகும் ஒரு ஊரை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஊர் மக்கள் குழு அமைத்து, இடமும் கொடுத்து, ஆளுக்கு இத்தனை நாள் என்று வேலையும் செய்தால் நாங்கள் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுப்போம். அதற்கு முன் ஒரு நிபந்தனை: ஊர்த் தண்ணீர் குடிக்கத் தகாதது என்று பரிசோதனைக்கூடம் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் இல்லாத தொட்டி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் அந்த ஊரைக் கவனித்த ஸ்டெல்லா அக்கா சொன்னது. முதல் கூட்டத்தில் கோலமாவைக் கொடுத்து, தண்ணீர் கிடைக்கும் இடங்களையெல்லாம் தரையில் வரையச் சொன்னாராம். கேன் வண்டி வந்து நிற்கும் முனை, அடுத்த ஊர்க் கிணறு, மாதம் இரண்டு முறை லாரி வரும் பள்ளிக்கூட வாசல் எல்லாம் வந்துவிட்டன. ஊர் நடுவிலேயே நிற்கும் போர்வெல் தொட்டி மட்டும் வரவில்லை. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, கஸ்தூரி என்ற பெண் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாராம்: "தண்ணி எங்க கெடைக்குதுன்னு தானே கேட்டீங்க? அதுல வர்றது தண்ணியா மேடம்?"

இடம் தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

நான் போனபோது கஸ்தூரி அக்காதான் குழுத் தலைவி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. அதனால் கூட்டம் ஞாயிறுகளில்தான். இயந்திரம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எங்கே என்று கேட்டதும் எல்லோரும் எதிர்வீட்டைக் காட்டினார்கள். நடக்கச் சோம்பல்பட்டு ஆளாளுக்குத் தன் வீட்டுப் பக்கம் கேட்பார்கள் என்று பயந்து போயிருந்தேன்; நடந்தது நேர் எதிர். மூன்று ஞாயிறு கழித்து, ஆட்டோ ஓட்டும் முனுசாமி காரணத்தைச் சொன்னார்: "தண்ணி எங்கூடு வரைக்கும் வரட்டும் மேடம். குடத்தை வெச்சிக்கினு போடுற சண்டை மட்டும் அங்கியே நிக்கட்டும்."

கடைசியில் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி என்று முடிவானது.

பாட்டில்

தவறு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரித் தண்ணீரைக் களப்பணியாளரே பிடிக்க வேண்டும், பிடித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று கரன்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மூன்று மணி பஸ் வந்துவிட்டது. பாட்டிலைக் கஸ்தூரி அக்காவிடம் கொடுத்து, மறுநாள் வேலைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தண்ணீர் கெட்டது என்று வந்தால்தான் இயந்திரம் என்பதை விளக்கவும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

பரிசோதனை முடிவு வந்தது: குடிக்க உகந்த தண்ணீர். பட்டியலிலிருந்து ஊர் நீக்கப்பட்டது. நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். கஸ்தூரி அக்காவுக்கு என் பதற்றம் புரியவில்லை. தன் வீட்டில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்ததாக இயல்பாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "பெரிய ஆபீசுக்குப் போற பாட்டிலு. அதுல போய் உப்புத் தண்ணிய ஊத்தி அனுப்புனா ஊரைப் பத்தி இன்னா நெனைப்பாங்க? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கிழிஞ்ச பாயா போடுவோம்?"

மூன்று பக்கக் கடிதம்

மறுசோதனை கேட்க ஒரே வழி, என் கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுப்பது. வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அப்பா அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான். இரண்டு நாள் யோசித்தேன். பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, அந்த ஊர் கேனுக்கும் லாரிக்கும் காத்துக்கொண்டே இருக்கும். எழுதினேன். பொறுப்பாளர் டேனியல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "பொய் சொன்னவங்களை நெறைய விசாரிச்சிருக்கேன்மா. பொய் சொன்னேன்னு மூணு பக்கம் எழுதிக் குடுத்த ஆளை இப்பதான் பாக்கறேன். ஒரு பக்கம் போதும், மறுபடி எழுதிட்டு வா."

மறுசோதனைக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு இன்னும் மூன்று மாதம் தற்காலிகம்.

இரண்டாவது பாட்டில்

இந்த முறை எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மோட்டார் போட்டு, குழாயடியில் நானே குனிந்து பாட்டிலைப் பிடித்தேன். சுற்றி ஊரே நின்றது. மூடப் போகும் நேரத்தில் முனுசாமியின் மனைவி அமுலு முந்தானை மறைவிலிருந்து கல் உப்புப் பொட்டலத்தை எடுத்தார். நான் அலறியே விட்டேன். அமுலு குரலைத் தாழ்த்தக்கூட இல்லை: "ஒரு கையி போட்டுக்கலாம் கண்ணு. எதுக்கு வீணா சந்தேகம்?"

போடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

தகாதது

குடிக்கத் தகாதது என்ற முடிவை நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஒருவர் விசிலும் அடித்தார். இப்போது பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இயந்திரம் ஓடுகிறது. முனுசாமி சொன்ன சண்டைகளும் அங்கேயே நடக்கின்றன. அன்று கஸ்தூரி அக்கா மட்டும் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எம் புள்ள பெயிலானப்ப முதுகுல போட்டேன் மேடம். இந்தத் தண்ணி பெயிலானதுக்கு லட்டு வாங்கலாமான்னு கீது."

என் கடிதத்தால் அலுவலகத்தில் ஏதாவது மாறியதா என்று பிறகு கோப்புகளை எடுத்துப் பார்த்தேன்: களப்பணியாளர் அந்த இடத்தில் இருந்தாரா என்று கேட்கும் கேள்வி எதுவும் மாதிரிப் படிவத்தில் சேரவில்லை, "இது கேன் தண்ணீர் அல்ல" என்று ஒரு வரி மட்டும் புதிதாக அச்சாகியிருக்கிறது.