திருச்செல்வத்தின் நேர்த்திக்கடன்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிற திருச்செல்வத்துக்கு வயது நாற்பத்தொன்று. எச்.ஐ.வி. வந்து பதினோரு வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்று சிலருக்கு மண்டை குடையும். அதை நான் சொல்வதாக இல்லை. சர்க்கரை வந்தவனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஆரம்பத்தில் உடம்பு பாதியாக இளைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது தினமும் ஒரே ஒரு மாத்திரை, அரசாங்க கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது. பரிசோதனையில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் கிருமி அடங்கிவிட்டது. பூவிழி எல்லாம் தெரிந்தேதான் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தொற்றவில்லை. போன வருடம் பிறந்த மகள் திலகாவுக்கும் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

சிக்கல் வேண்டுதலால் வந்தது. பிள்ளைக்காக ஏங்கிய நாட்களில், பிறந்தால் அலகு குத்திக் காவடி எடுப்பதாகத் தோட்டத்துக் கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டான். மனசுக்குள் வேண்டியிருந்தால் முருகனுக்குக் கேட்காமலா போயிருக்கும்?

தோட்டத்தில் அலகு குத்துகிறவர் இருளப்பன். இருபது வருடமாக அவர் கைதான். குத்தினால் வலியே தெரியாது என்று பேர். கையுறை போடும் வழக்கம் இல்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் குத்துகிறவர் கையுறை போடட்டும் என்றார். கையுறை என்று வாயெடுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் லயம் முழுக்கப் பரவும். நாளைக்குத் திலகாவோடு எந்தப் பிள்ளையையும் விளையாட விடமாட்டார்கள். சொல்லாமல் அலகு குத்த முதுகைக் காட்டவும் அவனுக்கு மனசு வரவில்லை.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு, தொழிற்சாலைக்குப் பின்னால் இருளப்பனைத் தனியாக நிறுத்திச் சொல்லிவிட்டான். மாத்திரையைப் பற்றியும் டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். இருளப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார். திருச்செல்வத்துக்குச் சுருக்கென்றது.

“எனக்குப் பயமா இருக்குடா செல்வம். டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா என் கை ஒத்துக்காது லா.”

அந்த வாரம் முழுக்க அவன் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கிடந்தான். வேறு தோட்டத்தில் வேலை தேடலாமா என்றுகூடப் பூவிழி கேட்டாள். ஒரு பேச்சும் கிளம்பவில்லை.

தைப்பூசத்தன்று காலை, அலகு குத்திக்கொள்ள ஒன்பது பேர் குளித்து ஈரவேட்டியோடு நின்றார்கள். விலக என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் அவர்களில் ஒருவனாகத் திருச்செல்வமும் நின்றான். இருளப்பன் வந்தார். ஊசிகள் வைத்திருந்த தட்டைத் தொடவே இல்லை. தனக்குக் கைநடுக்கம் வந்துவிட்டது, இனி யாருக்கும் குத்தப்போவதில்லை, எல்லாரும் பால்குடம் எடுங்கள் என்றார்.

கூட்டம் கொதித்தது. கடைசி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது என்று திட்டினார்கள்.

“தண்ணி போட்டுப் போட்டே கை போச்சு,” என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்னான். வாழ்நாளில் தண்ணியைத் தொடாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்பது பேரும் பால்குடம் எடுத்தார்கள். திருச்செல்வம் மட்டும் ஏன் அலகு குத்தவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கோயிலில் அவன் தலையிலிருந்து குடத்தை இறக்க இருளப்பன்தான் முன்னால் வந்தார். விளிம்புவரை பால் இருந்த குடம். அவர் கையில் நடுக்கமே இல்லை. திருச்செல்வத்துக்கு அழுகை வந்துவிட்டது.